எடை ஏறுகிறது, உயரம் ஏறவில்லை

சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து அண்மையில் அழைத்து வரப்பட்ட நான்கு வயதுச் சிறுவனின் வளர்ச்சி அட்டையில், முதலாண்டு முழுவதும் அடிக்கோட்டோடு ஒட்டிக் கிடந்த எடைக்கோடு, இரண்டு வயதுக்குப் பின் ஒவ்வொரு வரம்பாகத் தாண்டி மேலே ஏறியிருந்தது. உயரத்துக்கான கட்டங்களில் பெரும்பாலானவை நிரப்பப்படவே இல்லை. "பால் குடிக்கவே தெம்பில்லாமக் கெடந்த புள்ளைங்க சார், இப்பத்தான் தேறியிருக்கான்" என்றார் பாட்டி. இந்தச் சொற்களைச் சேலத்தில் இன்னும் எத்தனை முறை கேட்கப் போகிறேனோ என்ற ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

அவன் தேறவில்லை. அவனுக்கு இருப்பது 1956இல் சூரிச் மருத்துவர்கள் விவரித்த பிராடர்-வில்லி நோய்க்குறி. தந்தையிடமிருந்து வரும் 15ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி இல்லாமலோ செயல்படாமலோ போவதால் வரும் அரிய நோய் இது. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று மருமகளைக் குறை சொல்லும் உறவினர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தற்செயலாக நேரும் இந்த மாற்றத்துக்கும் உறவுத் திருமணத்துக்கும் தொடர்பில்லை.

பிறந்த குழந்தை துவண்டு கிடக்கும், அழுகுரல் மெலிந்திருக்கும், சப்பிக் குடிக்க வலுவின்றிப் பல குழந்தைகளுக்குக் குழாய் வழியே பால் கொடுக்க நேரும். ஆண் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு விதைகள் இறங்கியிருக்காது. இரண்டு வயதையொட்டி, உணவின் அளவு கூடாமலேயே எடை கூடத் தொடங்கும். அடங்காத பசி வருவது அதற்கும் பின்னால், பலருக்கு எட்டு வயதையொட்டித்தான். ஆகவே 'நிறையத் தின்கிறானா' என்று கேட்டு, 'இல்லை' என்ற பதிலோடு நிம்மதியடைவது தவறு.

என்னை மிகவும் சலிப்படையச் செய்வது, கொழுகொழுவென்றிருந்தால் ஆரோக்கியம் என்ற நம்பிக்கை. அதிகம் உண்டு பருமனாகும் சாதாரணக் குழந்தை, தன் வயதுக்குச் சராசரியாகவோ சற்று உயரமாகவோதான் இருக்கும். கூடுதல் ஊட்டம் உயரத்தையும் சேர்த்தே தள்ளும். பருமனாகவும் இருந்து, உயரத்தில் பின்தங்கியும் இருக்கிறது என்றால் அங்கே ஹார்மோன் குறையோ மரபணுக் குறையோ இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். 'எங்கள் வம்சமே குட்டை' என்பது இதற்கு விளக்கமாகாது, ஏனெனில் பெற்றோர் இருவரும் குட்டையாக இருந்தாலும் குழந்தை தனக்குரிய கோட்டை விட்டு ஆண்டுதோறும் கீழே இறங்கிக்கொண்டிருக்காது.

எடை பார்க்கும்போதெல்லாம் உயரத்தையும் அளந்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். செருப்பைக் கழற்றி, குதிகாலும் பிட்டமும் பலகையில் படும்படி நிறுத்தி அளக்க வேண்டும், குத்துமதிப்பு உதவாது. மருத்துவ நண்பர்களுக்கு ஒன்று: வழக்கமான குரோமோசோம் பரிசோதனை இயல்பு என்று வந்ததை நம்பி விட்டுவிடாதீர்கள், டிஎன்ஏ மெத்திலேஷன் பரிசோதனைதான் இதை ஏறத்தாழ முழுமையாகக் கண்டுபிடிக்கும்.

நோய் உறுதியான வீட்டில் அடுப்பங்கரையும் பண்டப் பாத்திரங்களும் பூட்டியிருக்கட்டும். அது கொடுமையன்று, இக்குழந்தைகளுக்கு வயிறு நிறைந்த உணர்வு வராது, எளிதில் வாந்தியும் வராது, மிதமிஞ்சிய உணவு உயிருக்கே ஆபத்தாகலாம். பாட்டிமார்களே, பாசத்தை வேறு வழியில் காட்டுங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

வளர்ச்சி ஹார்மோன் ஊசி உயரத்தைக் கூட்டுவதோடு தசையையும் வலுப்படுத்தி, கொழுப்பையும் குறைக்கிறது. ஆனால் கடுமையான பருமனோ, தூக்கத்தில் கடுமையான மூச்சுத் தடையோ உள்ள குழந்தைக்கு அதைத் தொடங்க முடியாது. அதனால் எடை எல்லை மீறும்வரை காத்திருக்காமல், கைக்குழந்தையாகத் துவண்டு கிடக்கும்போதே கொண்டு வாருங்கள்.