காற்றா, மரமா, வயரா: கிற்றாருக்கு எந்த ரியூனர்?

கம்பி சரியான சுரத்தில் நிற்கிறதா என்று காட்டும் ரியூனர் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது விலை, அடுத்தது பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் துல்லியக் கணக்கு. இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கம்பியின் அதிர்வு எந்த வழியால் அந்தக் கருவிக்குள் போகிறது என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. காற்று வழியாக மைக்குக்குப் போகலாம், மரம் வழியாகக் கிளிப்புக்குப் போகலாம், இல்லையென்றால் வயர் வழியாகக் காலால் அழுத்தும் பெடலுக்கு. உள்ளே போன பிறகு நடக்கும் கணக்கு மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்தக் கணக்கையும் பார்த்துவிடுவோம். மிகத் தடித்த ஈ கம்பியின் மீடிறன், அதாவது ஒரு செக்கனில் அதிரும் தடவை, 82.41 ஹேர்ட்ஸ், ஆகவே ஒரு அதிர்வு முடிய 12 மில்லிசெக்கனுக்குச் சற்றுக் கூட எடுக்கும். ரியூனர் அலையின் வடிவத்தைப் பதிந்து வைத்துக்கொண்டு, அதே வடிவம் எவ்வளவு நேரத்தில் திரும்ப வருகிறது என்று தேடுகிறது. அந்த நேரத்திலிருந்து மீடிறன், மீடிறனிலிருந்து பக்கத்தில் உள்ள சுரம், அந்தச் சுரத்திலிருந்து எத்தனை சென்ட் விலகல் என்று போகும். கிற்றார்க் கழுத்தில் குறுக்கே உள்ள உலோகக் கோடுகள்தான் ஃபிரெட், அடுத்தடுத்த இரண்டு ஃபிரெட்டுக்கு இடையில் 100 சென்ட். ஈ கம்பியில் ஒரு சென்ட் என்பது வெறும் 0.05 ஹேர்ட்ஸ்தான், ஆகவே அரைச் செக்கன் கூட ஒலிக்கவிடாமல் தட்டித் தட்டி மீட்டினால் பாவம் அது எதைத்தான் அளக்கும்?

சிக்கல் எங்கே வருகிறது என்றால், உயர்தரத்தில் சுரமானிப் பரிசோதனை செய்தவர்களுக்குத் தெரியும், கம்பி ஒரு மீடிறனில் மட்டும் அதிராது. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேற்றொனிகளும் கூடவே வரும். போனின் மைக் பேச்சுக்காகச் செய்த சின்னச் சாமான், அடி ஒலியை அது மங்கலாகத்தான் வாங்கும், மேற்றொனிகளை வடிவாக வாங்கிவிடும். இப்போது 82.41 ஐ மூன்றால் பெருக்குங்கள்: 247.23. மெல்லிய பக்கத்திலிருந்து இரண்டாவதாக உள்ள பி கம்பியின் மீடிறன் 246.94. தரமில்லாத ரியூனரில் ஈ கம்பியை மீட்ட அது பி என்று காட்டுவது இதனால்தான், உங்கள் கிற்றாரில் ஒரு பிழையும் இல்லை. போனில் போடும் நல்ல ரியூனர் அப் என்றால் எந்த மேற்றொனி பலமாக இருக்கிறது என்று பார்க்காமல் முழு அலையும் திரும்ப வரும் நேரத்தைப் பார்க்கும். அடி ஒலி மங்கினாலும் அந்த 12 மில்லிசெக்கன் மாறாது. அப் குழம்பினால், பெருவிரலின் மெத்தென்ற பக்கத்தால் 12 ஆம் ஃபிரெட்டுக்கு மேலே மெல்ல மீட்டிப் பாருங்கள், மேற்றொனிகள் குறைந்து அடி ஒலி எடுப்பாக வரும்.

இரவில் தனியாக அறைக்குள் இருந்து பழகுகிறவருக்குப் போன் அப் தாராளமாகப் போதும், காசு செலவழிக்க வேண்டாம். ஆனால் யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் அந்தப் பக்கத்து வீடொன்றில் இருந்து போனை வைத்து ரியூன் பண்ணிப் பாருங்கள். ஒலிபெருக்கி, கரண்ட் போனால் பக்கத்துக் கடை ஜெனரேற்றர், தலைக்கு மேலே ஃபான் எல்லாம் அதே மைக்குக்குள்தான் போகும். பாசையூரிலோ குருநகரிலோ தேவாலயப் பெருநாள் பாட்டுப் பயிற்சியில் நான்கு கிற்றாரும் ஒரு கீபோட்டும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டால் சொல்லவே வேண்டாம்.

அங்கே கிளிப் வேண்டும். தலைப்பகுதியில் கவ்வி நிற்கும் அதற்குள்ளே ஒரு சிறிய பியெசோ தகடு இருக்கிறது. சில பளிங்குகளை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்று கியூரி சகோதரர்கள் 1880 இல் கண்டுபிடித்தது இதற்குள் வேலை செய்கிறது. மரத்தின் அதிர்வு தகட்டை நேராக உலுக்குகிறது, காற்றில் வரும் சத்தம் அதை அசைப்பது மிகக் குறைவு. ரப்பர் தேய்ந்து கவ்வுதல் தளர்ந்தால் வாசிப்பு தடுமாறும், இடத்தை மாற்றிக் கவ்வ வைத்தாலே பல நேரம் சரியாகிவிடும். கடையில் வாங்கும்போது வெயிலுக்குள் கொண்டுபோய்த் திரை தெரிகிறதா என்று பார்ப்பது நல்லது, பகல் மேடையில் மங்கிய திரையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று, எல்லாச் சுரமும் காட்டும் குரோமற்றிக் வகையா என்று பாருங்கள். ஆறு கம்பிச் சுரத்தை மட்டும் காட்டுவதை வாங்க வேண்டாம், எங்கள் ஊரில் அது கெதியாகக் காலை வாரும். பாடுகிறவர் ஐந்தரைக் கட்டை என்பார், அதாவது ஜி ஷார்ப் சுருதி. கம்பிகளை எல்லாம் அரைச் சுரம் இறக்கி ஏ கோர்ட் வடிவத்தைப் பிடித்தால் அந்தச் சுருதி வரும், ஆனால் அந்த இறக்கிய சுரங்கள் அந்த ரியூனருக்குத் தெரியாது. அதோடு திரையில் 440 என்ற எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏ சுரத்துக்கு எத்தனை ஹேர்ட்ஸ் என்று ரியூனர் வைத்திருக்கும் அடிப்படை அளவு அது. பைக்குள் கிடந்து பொத்தான் அழுத்துப்பட்டு 442 ஆகிவிட்டால் பக்கத்தில் இருப்பவரோடு 8 சென்ட் விலகிவிடும், இருவரின் திரையும் பச்சை காட்டும், சேர்த்து மீட்டினால் ஒலி அலையடிக்கும். பிறகு யார் பிழை என்று சண்டை.

பெடல் வகை வயரால் வரும் மின் சமிக்ஞையை மட்டும் வாங்குவதால் மண்டபமே அதிர்ந்தாலும் பெரிதாகக் குழம்பாது, காலால் அழுத்தினால் ஒலிபெருக்கிக்குப் போவதையும் நிறுத்திவிடும், சபைக்கு முன்னால் டொய்ங் டொய்ங் என்று திருகத் தேவையில்லை. அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பிக்கப் இல்லாத கிற்றாருக்கு மட்டும் அது உதவாது. பிக்கப் பூட்டி வரும் சில செமி அக்கூஸ்ரிக் கிற்றாரில் ரியூனர் உள்ளேயே இருக்கும், இருப்பதைப் பார்க்காமல் இன்னொன்று வாங்குகிறவர்களும் உண்டு. 0.1 சென்ட் என்று விற்கும் ஸ்ட்ரோப் வகை கிற்றார் திருத்துகிறவருக்குத்தான். மீட்டிய கணத்தில் கம்பி இழுபட்டுச் சுரம் சற்று ஏறி, பிறகு இறங்குகிறது, அந்த ஏற்றமே சில சென்ட் வரும் என்றால் 0.1 ஐ வைத்து நாங்கள் என்ன செய்வது!

ஆகவே எந்த வகை என்றாலும் மீட்டியதும் முள் அமரும்வரை பொறுங்கள். சுரம் கூடிப்போனால் அப்படியே இறக்கி நிறுத்தாமல், தேவைக்குக் கீழே கொண்டுபோய்த் திரும்ப ஏற்றி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் திருகாணியின் பற்களுக்கிடையில் உள்ள தளர்வு இரண்டு பாட்டுக்குள் கம்பியை இறக்கிவிடும். வெயில் படும் மேடை என்றால் ஏறிப் பத்து நிமிடம் கழித்து இன்னொரு தரம் பாருங்கள், சூடேறிய உருக்குக் கம்பி நீளும், சுரம் இறங்கும்.