பிளாங்டன்: மிதவை உயிரியா, அலையுயிரியா?

நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் போகும் கடல் உயிர்களின் பொதுப்பெயர் பிளாங்டன். கண்ணுக்குத் தெரியாத பாசியும் இதில் சேரும், ஜெல்லி மீனும் சேரும். உருவ அளவு முக்கியமில்லை. ஓட்டத்தை எதிர்த்து நீந்த முடியாததுதான் அடையாளம்.

1887-ல் இந்தச் சொல்லை உருவாக்கியவர் ஜெர்மனியின் கீல் நகரத்து உடலியங்கியல் பேராசிரியர் விக்டர் ஹென்சன். கிரேக்கத்தில் 'பிளாங்க்டோஸ்' என்றால் அலைந்து திரிவது. திராய் நகரை வீழ்த்தியபின் நாயகன் வெகுவாக அலைந்தான் என்று ஹோமரின் ஒடிசி தொடங்குகிறதே, அங்கே வருவதும் இதே வினைதான்.

தமிழில் 'மிதவை உயிரி' என்று எழுதுகிறோம். எனக்கு அது போதவில்லை. மிதவை என்றதும் தெப்பம்போல மேலேயே நிற்பது என்றுதான் மனதில் படும். பிளாங்டன் மூழ்கவும் செய்யும். 'அலையுயிரி' என்பதே என் தேர்வு. அலைதல் என்றால் திரிதல். கடலில் எழுவதும் அலை. கிரேக்கப் பொருள் அப்படியே வருகிறது, கூடவே கடலும் வந்துவிடுகிறது. தாவர அலையுயிரி, விலங்கு அலையுயிரி என்று பிரித்துச் சொல்லவும் தோதாக இருக்கிறது.

சரி, இப்படி அலைகிற உயிர் இரை தேடிப் போக முடியாது. இரைதான் அதனிடம் வர வேண்டும். அண்டார்டிக்காவைச் சுற்றிய தென்பெருங்கடலில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தாராளம், இரும்புக்குத்தான் பஞ்சம். இரும்பு இல்லாமல் பாசி வளராது. அதனால் மற்ற சத்துகள் தின்ன ஆளில்லாமல் மிஞ்சிக் கிடக்கின்றன. சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், நிலைமை வேறு. கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. நிலம் வறண்டு புழுதி பறந்தது. தென் அமெரிக்காவின் தென்கோடியான படகோனியாவில் பனியாறுகள் அரைத்துத் தள்ளிய மண்ணைக் காற்று அள்ளிப்போய்த் தெற்கு அட்லாண்டிக்கில் கொட்டியது. அந்தப் புழுதியில் இரும்பு இருந்தது. அங்கே அலையுயிரிகள் பெருகின. செத்து மூழ்கியபோது, காற்றிலிருந்து வந்த கரியையும் (கார்பன்) ஆழத்துக்குக் கொண்டுபோயின.

1990-ல் அமெரிக்கக் கடலியலாளர் ஜான் மார்ட்டின் முன்வைத்த இரும்புக் கருதுகோள் இதுதான். அண்டார்டிக்காவின் வோஸ்டாக் ஆய்வு நிலையத்தில் தோண்டியெடுத்த, பழங்காலக் காற்றும் புழுதியும் சிக்கிய பனிக்கட்டியில் புழுதி மிகுந்த காலங்களில் கரியமில வாயு குறைந்திருந்ததை அவர் சுட்டிக்காட்டினார். பனியுகங்களுக்கு இடைப்பட்ட வெப்பக் காலங்களில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த அந்த வாயு, பனியுகத்தில் 190-ஐ ஒட்டி இறங்கியிருந்தது. அந்தக் குறைவு முழுவதையும் இரும்பின் கணக்கில் எழுத முடியாது. ஒரு பங்கைத்தான் எழுதலாம்.

எல்லாக் கடலும் செழிக்கவும் இல்லை. அண்டார்டிக்காவை ஒட்டிய நீரில் விளைச்சல் குறைந்தது. அரபிக்கடலில் தென்மேற்குப் பருவக்காற்று நலிந்ததால், ஓமன் கரையோரம் சத்து நிறைந்த அடிநீர் மேலேறுவதும் குறைந்தது.

2009-ல் இந்திய, ஜெர்மானிய ஆய்வாளர்கள் தெற்கு அட்லாண்டிக்கில் இரும்பைக் கரைத்துவிட்டுப் பார்த்தார்கள். பாசி பெருகியது. ஆனால் அந்த நீரில் சிலிக்கா குறைவு. கண்ணாடி போன்ற ஓடு கட்டும் டயாட்டம் வகைப் பாசி வளரவில்லை. வளர்ந்த ஓடில்லாப் பாசியை விலங்கு அலையுயிரிகள் மேய்ந்துவிட்டன. ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்த கரி கொஞ்சமே.