சனிக்கோள் அலறவில்லை

மறுபடியும் அதே ஃபார்வர்டு. "நாசா பதிவு செய்த சனியின் அலறல், ஹெட்போனில் கேளுங்கள்". கறுப்புப் பின்னணியில் ஒரு வளையம், எட்டு மணி நேர நீளம். அசல் ஒலிக்கோப்பு 73 விநாடிதான். மிச்சமெல்லாம் எதிரொலி சேர்த்துத் திரும்பத் திரும்ப ஒட்டியது.

சனியின் குரலை எந்த மைக்கும் கேட்கவில்லை. ஒலி பரவக் காற்று, நீர் என ஏதாவது ஒரு பொருள் வேண்டும். சனியை ஆராயப் போன காசினி விண்கலம் 2002 ஏப்ரலிலிருந்து பிடித்தது ரேடியோ அலை. எஃப்.எம். நிலையத்திலிருந்து உங்கள் வீட்டுப் பெட்டிவரை பாட்டா மிதந்து வருகிறது? வருவது மின்காந்த அலை. அதைப் பாட்டாக்குவது பெட்டி. காசினியில் இருந்தவையும் 10 மீட்டர் ஆன்டெனாக் கம்பிகள் மூன்றுதான். "ரேடியோ அலையும் ஒரு வகை ஒலிதானே" என்று படித்தவர்களே எழுதும்போது தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஒலி விநாடிக்கு 340 மீட்டர் போகும். ரேடியோ அலை 3 லட்சம் கிலோமீட்டர். (காசினி சுமந்துபோன ஹைகன்ஸ் கலத்தில் மைக் இருந்தது, உண்மை. அது 2005 ஜனவரியில் டைட்டன் நிலாவில் இறங்கியது. அங்கே காற்று உண்டு.)

சனியின் துருவங்களில் வானம் ஒளிரும் பகுதியில், காந்தப்புலக் கோடுகளைச் சுற்றும் எலக்ட்ரான்கள் உமிழும் அலை இது. பெரும்பாலும் 100 முதல் 400 கிலோஹெர்ட்ஸ். நம் காது 20 கிலோஹெர்ட்ஸிலேயே நின்றுவிடும். ஆகவே அயோவா பல்கலைக்கழகக் குழு அதிர்வெண்ணை 44-ல் ஒரு பங்காக இறக்கி, 27 நிமிடப் பதிவை 73 விநாடிக்குள் சுருக்கியது. ஏறி இறங்கும் அந்த ஊளை உண்மையான அதிர்வெண் மாற்றம்தான், ஏமாற்று இல்லை. பேய் அலறுவது போன்ற தொனி மட்டும் சுருக்கியதில் வந்தது. இதேபோல் சுற்றும் 67பி வால்மீனின் 'பாட்டு' இதற்கு நேர்மாறு: மிக மெதுவான 40–50 மில்லிஹெர்ட்ஸ் அலைவை ஏறத்தாழ 10,000 மடங்கு உயர்த்தினார்கள்.

"மொட்டைமாடியில் சனியைப் பிடித்தேன்" என்பவரை நம்பாதீர்கள். சனியின் அந்த அலைகளை அயனி மண்டலம், அதாவது பூமியின் மேல் வளிமண்டலத்தில் மின்னூட்டம் நிறைந்த அடுக்கு, மேலேயே திருப்பிவிடும். கோள்களில் இந்த வகை அலை தரையில் கிடைப்பது வியாழனிலிருந்து மட்டும். அதன் காந்தப்புலம் வலுவானது என்பதால் அலைகள் 40 மெகாஹெர்ட்ஸ்வரை எட்டுகின்றன. 1955-ல் வானியலாளர்கள் பர்க்கும் ஃபிராங்க்ளினும் 22.2 மெகாஹெர்ட்ஸில் கண்டுபிடித்தது இதைத்தான்.

வியாழனைப் பிடிக்க முயல்வதென்றால் 20.1 மெகாஹெர்ட்ஸ், ஏறக்குறைய 7 மீட்டர் டைபோல் (நடுவில் இரண்டாகப் பிரித்த ஆன்டெனா) கம்பி, சிற்றலை ரிசீவர். வியாழன் உயரே இருக்கும் இரவு வேண்டும், அதன் நிலாக்களில் ஒன்றான 'ஐயோ'வின் நிலையும் தோதாக இருக்க வேண்டும். வியாழன் எப்போது கேட்கும் என்ற கணிப்பு அட்டவணை பார்க்காமல் உட்கார்ந்தால் வீண். ரிசீவரில் ஒலியளவைத் தானே சமன்செய்யும் ஏ.ஜி.சி.யை அணைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் அது ஏற்ற இறக்கத்தை நசுக்கிவிடும். வியாழனின் சத்தம் இரண்டு வகை: கரையில் அலை மோதுவதுபோல் விநாடிக்கணக்கில் எழுந்து அடங்குவது ஒரு வகை. வாணலியில் கடுகு பொரிவதுபோல் மில்லிவிநாடிகளில் வெடிப்பது இன்னொன்று. நின்று கூவும் ஒற்றைச் சுரம் ஏதோ ஒரு நிலையம். தொடர்ந்த உறுமல் உங்கள் எல்.இ.டி. விளக்கு அல்லது லேப்டாப் சார்ஜர். ரிசீவரை பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயின் ஸ்விட்சை ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். படபடவென்ற வெடிப்பு தொலைதூர மின்னலாக இருக்கலாம். வெகுதொலைவில் இன்னொருவரும் அதே நொடியில் பதிவு செய்திருந்தால்தான் நம்பிக்கை வரும்.

ஆன்டெனாக் கம்பியை மின்கம்பிக்கு அருகே கட்டாதீர்கள். அதைத் தாங்கும் கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பிக்கு எட்டாத தூரம் வேண்டும். "ஒரு ராத்திரிதானே" என்ற பேச்சே வேண்டாம். இடி கேட்டால் வேலையை நிறுத்துங்கள். ஆன்டெனாவைக் கழற்றி வைப்பது மழைமேகம் கூடும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

காணொளி போடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அசல் அதிர்வெண், எத்தனை பங்கு மாற்றினீர்கள், எவ்வளவு நேரத்தைச் சுருக்கினீர்கள். இந்த மூன்றையும் கீழே இரண்டு வரியில் எழுதுங்கள், போதும்.