மூன்று பிரபுக்களும் ஒரு கிழாரும்

சில வாரங்களுக்கு முன் வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஒரு வரலாற்று ஒலித்தொடர் கேட்டேன். 1840களில் வந்த அயர்லாந்துப் பஞ்சம் பற்றியது. நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. திடீரென்று இப்படி ஒரு வாக்கியம்: ‘நிலப்பிரபுவான பாமர்ஸ்டன் பிரபு, பிரபுக்கள் சபையில் எழுந்து பேசினார்.’ கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒரே மூச்சில் மூன்று பிரபு. முதலாவது, நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வாழ்பவர். இரண்டாவது, பரம்பரைப் பட்டம். மூன்றாவது, ஒரு நாடாளுமன்ற அவை. மூன்றும் வெவ்வேறு சங்கதிகள். போதாக்குறைக்கு மூன்றாவது நடக்கவே இல்லை. பாமர்ஸ்டன் தம் வாழ்நாளில் அந்தச் சபையில் உறுப்பினராக உட்கார்ந்ததே கிடையாது. அடுத்த பகுதியில் அதே மனிதர் ‘ஜமீன்தார்’ ஆகிவிட்டார். சரி, கணினி என்ன சொல்கிறது பார்ப்போம் என்று ஒரு மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால், ‘லேண்ட்லார்ட்’ என்பதற்கு அது ‘வீட்டு உரிமையாளர்’ என்றது. அயர்லாந்தில் பட்டினி கிடந்தவர்களெல்லாம் அட்வான்ஸ் கொடுத்து மாடி போர்ஷனில் இருந்தார்கள் போலும்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். ஹென்றி ஜான் டெம்பிள், மூன்றாம் வைகவுண்ட் பாமர்ஸ்டன். (நடுவில் ஒரு ‘ல்’ எழுத்தில் உண்டு, பேச்சில் இல்லை. ‘பாமர்’ என்று தொடங்குவதால் பாமரர் என்று நினைத்துவிட வேண்டாம்.) 1784இல் லண்டனில் பிறந்தார். 1802இல் தந்தை இறக்க, 17 வயதில் பட்டமும் சொத்தும் வந்தன. இங்கிலாந்தில் பிராட்லாண்ட்ஸ் மாளிகை. அயர்லாந்தின் வடமேற்கே ஸ்லைகோ மாவட்டத்தில் சுமார் 10,000 ஏக்கர். பட்டம் அயர்லாந்துப் பட்டம், டப்ளினை ஒட்டிய ஓர் ஊரின் பெயர். இங்கேதான் ஒலித்தொடர்க்காரர் சறுக்கினார். 1801இல் அயர்லாந்து பிரிட்டனோடு இணைக்கப்பட்டபோது அயர்லாந்துப் பட்டக்காரர்கள் எல்லோருக்கும் மேலவையில், அதாவது பிரபுக்கள் சபையில், இடம் கொடுக்கவில்லை. தங்களுக்குள் 28 பேரைத் தேர்ந்து அனுப்பிக்கொள்ளலாம், அவ்வளவுதான். மற்றவர்கள் பிரிட்டனில் ஒரு தொகுதி பார்த்துக் கீழவைக்குப் போகலாம். பாமர்ஸ்டன் அதைத்தான் செய்தார். 1807இல் தொடங்கி, வெளியுறவு அமைச்சராகி, இரண்டு முறை பிரதமராகி, 1865இல் பதவியில் இருக்கும்போதே இறக்கும்வரை கீழவைதான். ஊரெல்லாம் ‘பிரபு’ என்று அழைத்த மனிதர் அமர்ந்தது பிரபுக்கள் அல்லாதவர்களின் அவையில். இந்த நுணுக்கத்தைத் தமிழில் சொல்ல வேண்டுமென்றால் ‘பிரபு’ என்ற சொல்லைச் செலவு பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘லார்ட்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்லாஃப்வேர்ட்’, அதாவது ரொட்டியைக் காப்பவன். அவன் வீட்டுச் சோற்றைத் தின்பவர்களுக்கு அவன் தலைவன். நிலத்தின் பேரில் அப்படித் தலைவனாக இருப்பவன் ‘லேண்ட்லார்ட்’. நம் ‘பிரபு’ வடமொழி. மேலோங்கி நிற்பவன், வல்லமை உடையவன் என்று பொருள். ‘ஜமீன்தார்’ பாரசீகம், ஜமீன் என்றால் நிலம், தார் என்றால் வைத்திருப்பவர். வேரை மட்டும் பார்த்தால் ஜமீன்தார்தான் நெருக்கமான மொழிபெயர்ப்பு, மறுக்கவில்லை. ஆனால் வேரை மட்டும் பார்த்துச் சொல் எடுப்பவன் சாதகத்தை மட்டும் பார்த்துப் பெண் எடுப்பவன் மாதிரி.

நிலப்பிரபுவை முதலில் முடித்துவிடலாம். அந்தச் சொல்லோடு ‘நிலப்பிரபுத்துவம்’ ஒட்டிக்கொண்டே வருகிறது. நிலமானிய முறை என்று நாம் பள்ளியில் படித்தோமே, அதேதான். அதில் உழுபவன் மண்ணோடு கட்டப்பட்டவன். நினைத்தாலும் போக முடியாது. 1847 அயர்லாந்தில் நிலைமை தலைகீழ். அங்கே எவரும் மண்ணோடு கட்டப்படவில்லை. பெரும்பாலானவர்களுக்கு எழுத்தில் ஒப்பந்தமே கிடையாது, வருடத்துக்கு வருடம் ஓடும் குத்தகை. காலி செய் என்று ஓலை வந்தால் காலி செய்ய வேண்டும். போக முடியாமல் தவித்தவர்களுக்கான சொல்லை, இருக்க முடியாமல் துரத்தப்பட்டவர்களின் கதையில் வைத்தால் கேட்பவருக்குக் கதையே புரியாது.

இப்போது ஜமீன்தார். இதற்காக என் நண்பர் ஒருவர் எப்போதும் வரிந்து கட்டுவார். அவருடைய வாதம் மோசமில்லை. வங்காளத்தில் 1793இல் நிரந்தர நிலவரித் திட்டம் கொண்டுவந்து ஜமீன்தார்களை நிலத்துக்கு உரியவர்களாக்கியவர் கார்ன்வாலிஸ். பிரிட்டன் பாணி நிலவுடைமைக் குடும்பங்களை இந்தியாவில் உண்டாக்கிவிடலாம் என்பதுதான் கணக்கு. அதே கார்ன்வாலிஸ்தான் 1798இலிருந்து 1801வரை டப்ளினில் அரசப் பிரதிநிதியாக இருந்து அயர்லாந்து இணைப்பை நடத்திக்கொடுத்தவர். ‘அவர்களே ஜமீன்தாரைத் தங்கள் ஊர் லேண்ட்லார்ட் மாதிரி வார்க்கப் பார்த்தார்கள், நீ ஏன் அப்படி எழுதக்கூடாது என்கிறாய்?’ என்பார் நண்பர்.

வார்க்கப் பார்த்தார்கள், சரி. வந்த பொம்மை வேறு. ஜமீன்தார் என்பவர் அரசுக்கும் குடிகளுக்கும் நடுவில் நிற்பவர். சென்னை மாகாணத்தில் 1802க்குப் பிறகு அவர் கையில் சன்னது, அதாவது அரசு எழுதிக்கொடுத்த உரிமைப் பத்திரம், இருக்கும். அவர் ஆண்டுதோறும் அரசுக்குப் பேஷ்குஷ் என்ற நிலவரியைக் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் ஜமீன் ஏலத்துக்குப் போகும். அவருடைய செல்வாக்கின் அடிப்படையே வரி வசூல்தான். பாமர்ஸ்டனுக்கு அப்படி எந்த அரசனும் சன்னது கொடுத்து வசூலிக்க அனுப்பவில்லை. 17ஆம் நூற்றாண்டில் டப்ளினில் பெரிய பதவியில் இருந்த முன்னோர் வழியாகக் குடும்பத்துக்கு நிலம் வந்தது, அவ்வளவுதான். அவர் வாங்கியது வாடகை. யாருக்காகவும் வசூலித்த வரி அல்ல.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. குடிகளின் பக்கம். ஜமீன் ரயத்துக்கு, அதாவது ஜமீனில் உழும் குடியானவருக்கு, சாகுபடி நிலத்தில் நிலைத்த உரிமை உண்டு என்று 1908ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் ஒப்புக்கொண்டது. அயர்லாந்தில் அதற்கு ஈடான ஒன்று 1881 நிலச் சட்டத்தில்தான் வந்தது, அதுவும் பெரிய கிளர்ச்சிக்குப் பின்னர். பாமர்ஸ்டனுக்கு அந்தப் பேச்சே ஆகாது. குத்தகைதாரருக்கு உரிமை என்றால் அது நிலம் உடையவருக்கு அநியாயம் என்று சபையிலேயே சொன்னவர் அவர். இந்த வாக்கியத்தில் ‘ஜமீன்தார்’ என்று போட்டுப் பாருங்கள். நம் ஆட்களின் மனதில் உடனே தலைப்பாகை, பல்லக்கு, சமஸ்தான நாட்டியம் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். பாமர்ஸ்டன் சொன்னதோ ஒரு வறண்ட சொத்துரிமை வாதம்.

நண்பர் விடமாட்டார். ‘அப்போ மிராசுதார்?’ என்பார். தஞ்சைப் பக்கத்து ஆளுக்கு அது நல்ல சொல்தான், வெளியூர் மிராசுதார் என்றால் டெல்டாவில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அது, உழவர் அரசுக்கு நேராக வரி கட்டும் ரயத்துவாரி ஊர்களின் பங்காளி உரிமை வாசனையோடு வருகிறது. ஸ்லைகோவுக்குக் கொண்டுபோனால் கூடவே காவிரியும் வந்துவிடும். பண்ணையார்? பண்ணையார் தானே பண்ணை வைத்து ஆள் வைத்து உழுவிப்பவர். ‘நிலவுடைமையாளர்’ பாதுகாப்பான சொல். இரண்டு ஏக்கர் வைத்துத் தானே உழுபவரும் நிலவுடைமையாளர்தான், அதுதான் அதன் குறை.

எனக்குப் பிடித்தது ‘நிலக்கிழார்’. நான் உண்டாக்கியதல்ல, கல்யாணப் பத்திரிகைகளில் இன்னும் உயிரோடு இருக்கும் சொல். கிழமை என்றால் உரிமை. அதனால்தான் இலக்கணத்தில் ஆறாம் வேற்றுமையின் பொருளைக் கிழமைப் பொருள் என்கிறோம். ஞாயிற்றுக்கிழமை என்பதும் ஞாயிறுக்கு உரிய நாள்தான். கோவூர் கிழார், அரிசில் கிழார் என்று சங்கப் புலவர் பெயர்களில் ஊரோடு ஒட்டி வருகிறது. தலைவனைத் தொல்காப்பியம் கிழவன் என்கிறது, தலைவியைக் கிழத்தி என்கிறது. ஒன்றின் மேல் உரிமை, அந்த உரிமையால் வரும் தலைமை இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது கிழார். ‘லார்ட்’ செய்வதும் இதைத்தானே?

குறைகள் உண்டு. கிழவன் என்றால் இன்று வயதானவர். அயர்லாந்து நிலக்கிழார் என்றதும் என் அக்கா மகன் ‘எத்தனை வயசு மாமா அவருக்கு?’ என்று கேட்டான். அந்த முறையைக் குறிக்க ‘நிலக்கிழமை’ என்று எழுதலாம் என்று பார்த்தால் வாரத்தில் எட்டாவது நாள் மாதிரி ஒலிக்கிறது. ‘ஆர்’ விகுதியில் இருக்கும் மரியாதை உறுத்துகிறது என்பவர்களுக்கு, ‘நிலக்கிழான்’ என்று எழுதிக்கொள்ளுங்கள், இலக்கணம் தடுக்காது. தூய தமிழ் என்பதற்காக மட்டும் இதைத் தூக்கிப் பிடிக்கவில்லை. ‘பாமர்ஸ்டன் பிரபு’ என்பதில் உள்ள பிரபுவை அப்படியே விட்டுவைக்கிறேனே. பட்டத்துக்கு அந்தச் சொல் பழகிவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது ‘ஆப்சென்ட்டி லேண்ட்லார்ட்’, நிலம் ஓர் ஊரிலும் தாம் வேறு ஊரிலுமாக இருப்பவர். ‘வருகை தராத நிலப்பிரபு’ என்று ஓரிடத்தில் படித்தேன். வகுப்பாசிரியர் பதிவேட்டில் ஆப்சென்ட் போட்டுவிட்டார் போல. ‘வெளியூர் நிலக்கிழார்’ என்றால் போதும். பாமர்ஸ்டனுக்கு இது இரட்டைப் பொருத்தம். அவர் முதலில் உறுப்பினரான நியூபோர்ட் தொகுதியைக் கையில் வைத்திருந்தவர் போட்ட நிபந்தனை, தேர்தலுக்குக்கூட அந்த ஊரில் கால் வைக்கக் கூடாது என்பது. ஆக, வெளியூர் உறுப்பினர், வெளியூர் நிலக்கிழார்.

ஆனால் அவர் ஸ்லைகோ பக்கமே போகாதவர் என்று நினைத்தால் தப்பு. 1808இல் போனார். குத்தகை மேல் குத்தகையாக நிலம் துண்டு துண்டாகிக் கிடந்ததைப் பார்த்தார். இடையில் இருந்தவர்களை விலக்க வேண்டும், சாலை வேண்டும், பள்ளி வேண்டும் என்று திட்டம் போட்டார். முல்லாமோர் என்ற இடத்தில் துறைமுகம் கட்டினார். காற்றில் பறந்து வயலை மூடிய கடல் மணலைக் கட்டப் புல் நட்டார். இந்த ‘இடையில் இருந்தவர்’களையும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் ‘இடைத்தரகர்’ ஆக்கிவிடுகிறார்கள். தரகர் கமிஷன் வாங்குபவர். இவர்களோ மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து, துண்டு போட்டு, உள்குத்தகைக்கு விட்டவர்கள். உள்குத்தகைக்காரர் என்ற சொல் கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். அகராதி பார்ப்பவர்களுக்குத்தான் தெரிவதில்லை. வாடகை தண்டிய ஏஜென்ட்டை ‘முகவர்’ என்கிறார்கள், ஆயுள் காப்பீடு விற்க வந்தவர் போல. காரியஸ்தர் என்று ஒரு சொல் நம்மிடம் சும்மா கிடக்கிறது.

கடைசியாக என்னை உண்மையிலேயே கோபப்படுத்திய சொல்லுக்கு வருகிறேன். அந்த ஒலித்தொடரில் ‘உதவியுடன் கூடிய குடிபெயர்வு’ என்றார்கள். 1847இல் பாமர்ஸ்டனின் நிலங்களிலிருந்து சுமார் 2,000 பேர் கப்பலேற்றப்பட்டு, கனடாவின் கியூபெக்குக்கும் செயின்ட் ஜானுக்கும் அனுப்பப்பட்டார்கள். கப்பல் கூலியை அவர் கொடுத்தார், உண்மை. ஏன் கொடுத்தார்? நான்கு பவுண்டும் அதற்குக் கீழும் மதிப்புள்ள சிறு குத்தகை நிலங்களுக்கான ஏழை நிவாரண வரியை நிலக்கிழாரே கட்ட வேண்டும் என்று சட்டம் இருந்தது. பஞ்சத்தில் வரி ஏறியது, வாடகை வரவில்லை. ஆட்களை அனுப்பிவிட்டால் செலவு மிச்சம். இதில் உதவி யாருக்கு என்று ‘உதவியுடன் கூடிய’ என்ற அடைமொழி சொல்வதில்லை. ஆங்கிலத்தில் நிலக்கிழார் தரப்பு வைத்த பெயரை நாமும் அப்படியே தமிழில் வைத்துக்கொண்டிருக்கிறோம். ‘கூலி கொடுத்துக் கப்பலேற்றி அனுப்பியது’ என்று எழுதினால் நான்கு சொல்தான் ஆகும், நடந்ததும் தெரியும்.

அந்தக் கப்பல்களில் ஒன்றான ஈயோலஸ் நவம்பரில், குளிர் தொடங்கிய பிறகு, கந்தலோடு இருந்தவர்களை செயின்ட் ஜானில் இறக்கியது. தம் குடியானவர்களை இந்த ஊர்க் குளிரில் தள்ளிவிட்டாரே ஓர் அமைச்சர் என்று அந்த நகர சபை வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டது. அந்த அமைச்சர், அதாவது வெளியுறவு அமைச்சர், லண்டனில் கீழவையில் இருந்தார்.

ஒலித்தொடர்க்காரருக்குக் கடிதம் எழுதினேன். வாக்கியத்தை இப்படி மாற்றிக்கொள்ளலாம் என்றேன்: ‘ஸ்லைகோவில் வெளியூர் நிலக்கிழாராக இருந்த பாமர்ஸ்டன் பிரபு, கீழவையில் எழுந்து பேசினார்.’ பதில் வந்தது. நன்றி சொல்லியிருந்தார். அடுத்த பகுதியில் ‘பிரபுக்கள் சபை’ போய்விட்டது. ‘நிலப்பிரபு’ அப்படியேதான் இருந்தார். ஊர்ப் பெயர் மட்டும் ‘ஸ்லிகோ’ ஆகியிருந்தது.