மாஸ்டடானில் சர்வர் மாறினால் உங்களோடு வருவது எது?

மாஸ்டடான் என்பது பலர் தனித்தனியாக நடத்தும் சர்வர்கள் இணைந்த சமூக வலைதளம். எக்ஸிலிருந்து (பழைய ட்விட்டர்) அங்கே வருபவர்கள் முதலில் தடுமாறுவது முகவரியில்தான். எக்ஸில் ஒரு @ குறி போதும், மாஸ்டடானில் இரண்டு. முன்பாதி உங்கள் பெயர், பின்பாதி உங்கள் கணக்கு இருக்கும் சர்வரின் பெயர். மின்னஞ்சல் மாதிரிதான். 2018 ஜனவரியில், இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு தரநிலையாக அறிவித்த ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறையில் இந்த சர்வர்கள் பேசிக்கொள்கின்றன. நீங்கள் ஒரு பதிவு போட்டால், உங்களைப் பின்தொடர்பவர்கள் இருக்கும் ஒவ்வொரு சர்வருக்கும் அதன் நகல் போய்ச் சேரும். யாருமே உங்களைப் பின்தொடராத சர்வருக்கு அது தானாகப் போகாது. புதிதாக வந்தவருக்கு ஊரே காலியாகத் தெரிவதற்கும், ஒரே உரையாடலில் உங்களுக்கு மூன்று பதில், நண்பருக்கு ஏழு பதில் தெரிவதற்கும் இதுவே காரணம்.

முதலில் சேர்ந்த சர்வர் பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளலாம். ஆனால் வரிசை முக்கியம். புதிய கணக்கின் அமைப்புகளில் பழைய முகவரியை மாற்றுப்பெயராகச் சேர்ப்பது முதல் வேலை. பிறகு பழைய கணக்குக்குப் போய், புதிய முகவரியையும் கடவுச்சொல்லையும் கொடுத்து இடமாற்றத்தைத் தொடங்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் பிழைச்செய்திதான் வரும். இது வீண் கெடுபிடி இல்லை. "இவர் அங்கே போய்விட்டார்" என்ற செய்தி வந்ததும், பின்தொடர்பவரின் சர்வர் புதிய கணக்கைத் திறந்து, பழைய முகவரி அங்கே பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால்தான் பழையதை விட்டுப் புதியதைப் பின்தொடரும். இந்தச் சோதனை இல்லையென்றால், சம்மதம் கேட்காமலே யார் தலையிலும் கூட்டத்தைக் கொண்டுபோய்க் கொட்டிவிடலாம்.

பின்தொடர்பவர்கள் வந்துவிடுவார்கள், அதுவும் எல்லோரும் அல்ல. இடமாற்றச் செய்தி புரியாத மென்பொருளில் இருப்பவர்கள் பழைய இடத்திலேயே நின்றுவிடுவார்கள். நீங்கள் பின்தொடரும் ஆட்கள், தடுத்தவர்கள், புத்தகக்குறிகள் ஆகியவற்றை சிஎஸ்வி (எளிய அட்டவணை) கோப்புகளாக இறக்கி, புதிய கணக்கில் நீங்களேதான் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது 'சேர்', 'மேலெழுது' என்று இரண்டு வழி காட்டும். இரண்டாவதைத் தொட்டால், புதிய இடத்தில் ஏற்கெனவே சேர்த்த பட்டியல் போய்விடும்.

பதிவுகள் வரவே வராது. அவற்றின் காப்பகத்தை 7 நாளைக்கு ஒரு முறை கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். மாஸ்டடானில் அதைத் திரும்ப ஏற்ற வழி இல்லை. ஒருமுறை மாறினால் அடுத்த மாற்றத்துக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பழைய சர்வர் உயிரோடு இருக்க வேண்டும். இடமாற்றச் செய்தியைக் கையொப்பமிட்டு அனுப்புவது அதுதான். நடத்துபவர் பணமோ பொறுமையோ தீர்ந்து திடீரென மூடிவிட்டால், பின்தொடர்பவர்களுக்குத் தகவல் சொல்ல ஆளே இல்லை. கணக்குத் தொடங்கும் முன் சர்வரின் 'பற்றி' பக்கத்தைத் திறந்து, அதை நடத்துவது யார், எந்தெந்த சர்வர்களைத் தடுத்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சிஎஸ்வி கோப்புகளை மாதம் ஒருமுறை இறக்கி வைத்தால், நீங்கள் பின்தொடரும் ஆட்களாவது கையில் இருப்பார்கள்.