சைக்கிளிலிருந்து குறைத்த அந்த நூறு கிராம் அதுவரை என்ன வேலை செய்துகொண்டிருந்தது?

மவுண்டன் பைக் ஓட்டுகிறவர்களில் ஒரு ரகத்தினர் உண்டு. அவர்கள் கருவிப்பெட்டியில் ஆலன் கீக்குப் பக்கத்தில் சமையலறைத் தராசும் இருக்கும். சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தகட்டை, அதாவது ரோட்டாரைப் பிடித்திருக்கும் ஸ்டீல் போல்ட்டைக் கழற்றி எடை போடுவார்கள்: 2.1 கிராம். அதே அளவு டைட்டானிய போல்ட் 1.2 கிராம். இரண்டு சக்கரத்துக்கும் பன்னிரண்டு போல்ட் என்றால் 11 கிராம் மிச்சம். மலை ஏறும்போது மணிக்கு ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம். அந்தக் கணக்கில் 11 கிராம் உடம்பிலிருந்து வெளியேற 40 வினாடி போதும்.

கிராம் பைத்தியத்தைக் கேலி செய்வது சுலபம். கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் பயன்.

ஓட்டுபவர் 72 கிலோ, சைக்கிள் 13 கிலோ, மொத்தம் 85 கிலோ. 10 கிலோமீட்டர் தூரத்தில் 1000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். புவியீர்ப்புக்கு எதிராகச் செய்ய வேண்டிய வேலை 834 கிலோஜூல். மண்ணும் கல்லும் கலந்த பாதையில் டயரின் உருளல் தடைக் கெழு (டயர் உருள எழும் எதிர்ப்பு, எடையில் எத்தனை பங்கு என்ற எண்) 0.020 என்று வைத்தால் அதற்கு இன்னொரு 167 கிலோஜூல். ஏறும் வேகம் மணிக்கு 9 கிலோமீட்டர்தான் என்பதால் காற்றுத் தடை சொற்பம், விட்டுவிடலாம். ஆக ஏறக்குறைய 1000 கிலோஜூல். தொடர்ந்து 250 வாட் கொடுக்கக்கூடிய, நல்ல பயிற்சி உள்ள ஒருவருக்கு இது 67 நிமிட ஏற்றம். இதில் ஒரு கிலோ குறைத்தால் 85-ல் ஒரு பங்கு நேரம் மிச்சமாகும்: 47 வினாடி. நூறு கிராமுக்கு 5 வினாடிக்குச் சற்றுக் குறைவு. மேலே சொன்ன டைட்டானிய போல்ட்டுகள் அரை வினாடி தரும்.

போட்டியில் 47 வினாடி பெரிய விஷயம். அதனால் எடை குறைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நூறு கிராமுக்கு 5 வினாடி என்ற விலையை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். குறைத்த எடை, போகும்போது வேறு எதையாவது கூட எடுத்துக்கொண்டு போனால் இந்த லாபம் எளிதில் காணாமல் போகும்.

இதற்கு டயரைவிட நல்ல உதாரணம் இல்லை. 29 அங்குலச் சக்கரத்துக்கான மெல்லிய பந்தய டயர் 650 முதல் 800 கிராம். கரடுமுரடான பாதைக்கான டயர் 900 கிராமில் ஆரம்பித்து ஆயிரத்தைத் தாண்டும். முன், பின் இரண்டையும் மெல்லியதாக மாற்றினால் 400 கிராம் கைமேல் கிடைக்கிறது. சைக்கிளில் வேறெங்கும் இவ்வளவு எளிதாகக் கிடைக்காது. மேலே சொன்ன ஏற்றத்தில் 19 வினாடி. ஆனால் அந்த 400 கிராம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் டயரின் பக்கச் சுவரிலிருந்து. மெல்லிய சுவர், குறைந்த காற்றில் வளைவில் மடங்கும். கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி வெட்டுப்படும். அதைத் தவிர்க்க ஓட்டுபவர் என்ன செய்வார்? 21 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் ஓட்டியவர் 26 வைப்பார். கெட்டியான டயர் கல்லை விழுங்காமல் அதன் மேல் ஏறிக் குதிக்கும். ஒவ்வொரு குதியிலும் முன்னோக்கிப் போக வேண்டிய ஆற்றல் சைக்கிளையும் உடம்பையும் குலுக்குவதில் செலவாகிறது. இதனால் உருளல் தடை 0.020-லிருந்து 0.023 ஆனால்கூட, அந்தப் 10 கிலோமீட்டரில் கூடுதல் செலவு 25 கிலோஜூல். 250 வாட்டில் அது 100 வினாடி. 19 வினாடியை வாங்கி 100 வினாடியைக் கொடுத்த வியாபாரம். வழுவழுப்பான பாதையில் இதே மெல்லிய டயர் நன்றாகவே ஓடும். பாதையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பின் டயருக்குள் நுரைச் செருகு வைத்து, வேண்டுமென்றே நூறு இருநூறு கிராம் கூட்டிக்கொண்டு, காற்றைக் குறைத்து ஓட்டுகிறவர்கள் முட்டாள்கள் இல்லை.

சக்கரம் என்றதும் ஒரு பழைய நம்பிக்கை வந்துவிடும்: சக்கரத்தில் ஒரு கிராம், ஃபிரேமில் நான்கு கிராமுக்குச் சமம் என்பார்கள். இயற்பியல் அவ்வளவு தாராளமாக இல்லை. டயரில் இருக்கும் எடை சைக்கிளோடு முன்னேயும் போகிறது, சுற்றவும் செய்கிறது. அதனால் அதன் இயக்க ஆற்றல் ஃபிரேமில் இருக்கும் அதே எடையைப் போல இரண்டு மடங்கு. இரண்டுக்கு மேல் போகாது. அதுவும் வேகம் மாறும்போது மட்டும். சீரான வேகத்தில் மலை ஏறும்போது டயரில் இருக்கும் கிராமும் தண்ணீர் பாட்டிலில் இருக்கும் கிராமும் ஒன்றே. மணிக்கு 10 கிலோமீட்டரிலிருந்து 20-க்கு முடுக்கும்போது, டயரில் 300 கிராம் கூடுதலாக இருந்தால் ஏறக்குறைய 7 ஜூல் அதிகம் செலவாகும். 85 கிலோவை முடுக்கவே கிட்டத்தட்ட 980 ஜூல் தேவை. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

அப்படியென்றால் லேசான சக்கரம் போட்டவர்கள் எல்லாரும் ‘சைக்கிளே மாறிப்போச்சு’ என்று சொல்வது பிரமையா? இல்லை. அவர்கள் உணர்வது நிஜம், காரணத்தைத்தான் தவறாகச் சொல்கிறார்கள். சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் எடை வேறு, கீழே இருக்கும் எடை வேறு. முன்பக்கம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை டயர், ரிம், ஹப் (சக்கரத்தின் மையம்), ரோட்டார், அதை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கீழ்ப்பகுதி. சேர்த்தால் 3 கிலோவை ஒட்டி வரும். கல்லில் ஏறியதும் இந்த 3 கிலோ மேலே தூக்கி எறியப்படுகிறது. ஃபோர்க்கின் ஸ்பிரிங் அதைத் திரும்பத் தரைக்குத் தள்ள வேண்டும். அதே விசை, குறைந்த எடை என்றால் சக்கரம் சீக்கிரம் தரைக்குத் திரும்பும். தரையில் இருக்கும் டயர்தான் பிடிக்கும், திரும்பும், பிரேக் போடும். மொத்தம் 85 கிலோவில் 300 கிராம் தூசு. இந்த 3 கிலோவில் அது பத்தில் ஒரு பங்கு. ஹேண்டில்பாரைத் திருப்பும்போது சக்கரத்தின் சுழல் நிலைமம் காட்டும் எதிர்ப்பும் குறைகிறது. கைக்குத் தெரிவது இவைதான்.

சக்கரத்துக்குள் எடை குறைக்க ஸ்போக் நல்ல இடம். அதிகம் பேசப்படாத இடமும் அதுதான். முழு நீளமும் 2 மி.மீ. தடிமன் உள்ள ஸ்போக், 290 மி.மீ. நீளத்தில் 7 கிராம். நடுவில் மட்டும் 1.8 மி.மீ. ஆக மெலிந்தது 6 கிராமுக்கும் குறைவு, 1.5 மி.மீ. ஆக மெலிந்தது 4.5 கிராமை ஒட்டி. சக்கரத்துக்கு 32 வீதம் 64 ஸ்போக்குக்கு 75 முதல் 165 கிராம் வரை குறையும். வேடிக்கை என்னவென்றால் மெலிந்த ஸ்போக் அதிக நாள் உழைக்கும். ஸ்போக் உடைவது பெரும்பாலும் ஹப்பில் வளையும் முழங்கை இடத்தில், அல்லது அதை ரிம்மோடு முடுக்கும் சிறு நட்டான நிப்பிளின் மரையில். அங்கே இரண்டு வகையும் ஒரே தடிமன். நடுப்பகுதி மெலிந்திருந்தால் அது ரப்பர் போலச் சற்று இழுபட்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. முழங்கைக்கு அடி குறைகிறது. சக்கரம் கட்டுகிறவருக்குத்தான் வேலை கூடும்: நிப்பிளைத் திருப்பும்போது மெல்லிய ஸ்போக் கூடவே முறுக்கிக்கொள்ளும். கால் சுற்று கூடுதலாகத் திருப்பி, அதே அளவு பின்னுக்கு விட வேண்டும். அந்த முறுக்கை விட்டுவைத்தால் முதல் சவாரியிலேயே ‘டிங் டிங்’ என்று சத்தத்தோடு அவிழ்ந்து ரிம் கோணும்.

நிப்பிளில் மட்டும் ஆசைப்படாமல் இருப்பது நல்லது. பித்தளை நிப்பிள் ஒரு கிராம், அலுமினியம் அதில் மூன்றில் ஒரு பங்கு. 64-க்கு 40 கிராம் போலக் குறையும். ஆனால் டியூப் இல்லாத (டியூப்லெஸ்) டயருக்குள் ஓட்டையை அடைக்க ஊற்றும் சீலன்ட் திரவம் பலவற்றில் அம்மோனியா இருக்கிறது, அது அலுமினியத்தை அரிக்கும். கார்பன் ரிம்மோடு ஈரம் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு தனி. இரண்டு வருடம் கழித்துச் சக்கரத்தைச் சரிசெய்ய நிப்பிளைத் திருப்பினால் தலை தனியாகக் கையோடு வரும்.

டியூபை எடுத்துவிட்டு டியூப்லெஸ் ஆக்குவது கிட்டத்தட்ட இனாம். 29 அங்குல பியூட்டைல் டியூப் 200 கிராமுக்கு மேல். பதிலுக்கு 80 முதல் 100 மில்லி சீலன்ட், ரிம் டேப், வால்வு: 110 முதல் 125 கிராம். சக்கரத்துக்கு 90 கிராம் போல மிச்சம். கூடவே குறைந்த காற்றில் ஓட்டவும் முடிகிறது. எடையும் குறைந்து வேலையும் மேம்படும் இடங்கள் சைக்கிளில் விரல் விட்டு எண்ணக்கூடியவை. 2012-ல் ஸ்ராம் நிறுவனத்தின் எக்ஸ்எக்ஸ்1 கியர் தொகுதி வந்த பிறகு பரவிய, பெடல் பக்கத்துப் பல்சக்கரம் (செயின்ரிங்) ஒன்றே ஒன்று உள்ள அமைப்பு அப்படிப்பட்ட இன்னொன்று: செயினை ஒரு செயின்ரிங்கிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் முன் டீரெய்லர், அதன் ஷிஃப்டர், கேபிள், உபரி செயின்ரிங்குகள் எல்லாம் போய், செயின் கழன்று விழுவதும் குறைந்தது.

அந்த அமைப்பு எடையைப் பின்பக்கம் தள்ளியது என்பதும் உண்மை. 10-லிருந்து 51 பல் வரை போகும் ஷிமானோ டியோர் கேசட் (பின் சக்கரத்துப் பல்சக்கரத் தொகுதி) 590 கிராம் போல. அதே பல் எண்ணிக்கையில் அதே நிறுவனத்தின் எக்ஸ்டிஆர் 370 கிராம் போல. வித்தியாசம் உலோகத்தில் இருக்கிறது. எக்ஸ்டிஆரில் பெரிய மூன்று பல்சக்கரங்கள் அலுமினியம், நடுவில் ஐந்து டைட்டானியம், சிறிய நான்கு மட்டும் ஸ்டீல். சிறியவற்றில் குறைந்த பற்களே செயினின் முழு இழுவையையும் தாங்குவதால் அங்கே ஸ்டீலை விட வழியில்லை. பெரிய அலுமினியப் பல்சக்கரத்திலேயே நாள் முழுக்க ஏறுகிறவருக்கு அது சீக்கிரம் தேயும். செயின் நீட்சி அளக்கும் கேஜ் 0.5 சதவீதம் காட்டியதும் செயினை மாற்றிவிட்டால் ஆயுள் கூடும், 1.0 வரை இழுத்தடித்தால் செயினோடு கேசட்டும் போகும்.

ஃபோர்க்கில் இருவிதமாகவும் நடக்கலாம். மலிவான சைக்கிளில் வரும் கம்பிச்சுருள் ஃபோர்க் இரண்டரை கிலோ தொடும். நல்ல ஏர் ஃபோர்க் 1.5 முதல் 1.9 கிலோ. ஒரே பாகத்தில் இவ்வளவு குறைந்து, சஸ்பென்ஷனும் சரியாக வேலை செய்ய ஆரம்பிக்கும். ஆனால் அதற்கு மேலும் ஆசைப்பட்டு 35 மி.மீ. குழாய் உள்ள ஃபோர்க்கை விட்டு 32 மி.மீ. ஃபோர்க்குக்கு இறங்கினால் கணக்கு திரும்பும். குழாயின் எடை விட்டத்தோடு நேராகக் கூடுகிறது. வளையாமல் நிற்கும் திறன் விட்டத்தின் மும்மடியாகக் கூடுகிறது. ஒரே சுவர்த் தடிமனில் 35 மி.மீ. குழாய் 9 சதவீதம்தான் கனம், 31 சதவீதம் உறுதி. கீழ்நோக்கிப் பாறைப் பாதையில் பிரேக் பிடிக்கும்போது மெல்லிய கால்கள் பின்னுக்கு வளையும், குழாய் சறுக்கும் வளையமான புஷ் இறுகும், ஃபோர்க் அசையாமல் நிற்கும்.

பிரேக் ரோட்டாரும் அப்படித்தான். அது உராயும் தகடு மட்டும் கிடையாது, வெப்பத்தைச் சேமித்து வைக்கும் தொட்டியும்கூட. 90 கிலோ மொத்த எடை, மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து ஒரே பிடியில் நின்றால் 5.5 கிலோஜூல் வெப்பமாகும். முன் ரோட்டார் அதில் அறுபது சதவீதம் வாங்கினால், 150 கிராம் ரோட்டார் ஏறக்குறைய 46 டிகிரி சூடாகும். 100 கிராம் ரோட்டார் 69 டிகிரி. நீண்ட இறக்கத்தில் இது மேலே மேலே ஏறும். பேட் வழுக்கும், ரோட்டார் கோணி ‘சிங் சிங்’ என்று உரசும். துளை மேல் துளை போட்ட லேசான ரோட்டாரை முன்னால் போடுவதைவிட, அந்த 50 கிராமை வேறெங்காவது தேடுவது மேல். உதாரணமாக கைப்பிடியில்: பூட்டு வளையம் உள்ள கிரிப் ஜோடி 100 கிராம், சிலிக்கோன் நுரை கிரிப் 50 முதல் 60 கிராம். கைக்கும் இதம்.

போல்ட்டுக்குத் திரும்ப வருவோம். டைட்டானிய போல்ட் ஆபத்தானது இல்லை, ஆனால் உயர்தர ஸ்டீலைவிட வலுவானதும் இல்லை. மரையில் செம்புத் துகள் கலந்த ஆன்டி-சீஸ் (மரை பிடித்துக்கொள்ளாமல் காக்கும் பசை) தடவாமல் முடுக்கினால் உராய்ந்து பிடித்துக்கொள்ளும். பிறகு கழற்றவே முடியாமல் தலை வழுக்கும். அலுமினிய போல்ட் தண்ணீர் பாட்டில் கூட்டுக்கும், ஹெட்செட் மூடிக்கும், கேபிள் பிடிகளுக்கும் சரி. ரோட்டார், காலிப்பர், ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் மூன்றிலும் கூடாது: வெப்பமும் திரும்பத் திரும்ப வரும் விசையும் சேரும் இடங்கள் அவை. அலுமினியத்துக்குக் களைப்பு எல்லை கிடையாது. சிறிய விசைகூட போதுமான தடவை வந்தால் விரிசல் விழும்.

கார்பன் ஹேண்டில்பார் அலுமினியத்தைவிட நூறு கிராம் போலக் குறைவு, அதிர்வையும் சற்று அடக்கும். அதை உடைப்பது பாதையைவிட அதிகமாக ஆலன் கீதான். ஸ்டெம்மில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு, வழக்கமாக 5 நியூட்டன் மீட்டருக்கு, டார்க் ரெஞ்சால் நான்கு போல்ட்டையும் குறுக்கும் மறுக்குமாகச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். வழுக்கினால் கார்பன் பேஸ்ட் தடவ வேண்டும், இன்னும் முடுக்கக் கூடாது. ஓவல் கார்பன் கம்பி உள்ள சீட்டுக்கு அதற்கேற்ற 7×9 மி.மீ. கிளாம்ப் வேண்டும், வட்டக் கம்பிக்கான கிளாம்ப் அதை விளிம்பில் நசுக்கும். டைட்டானிய அச்சு பெடல்கள் பலவற்றுக்கு ஓட்டுபவர் எடை வரம்பு உண்டு. பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும்.

ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்க உதவும் டிராப்பர் போஸ்ட்டை எடுத்துவிட்டால் 300, 400 கிராம் போகும். ஏற்றத்தில் 15, 20 வினாடி. சீட்டை இறக்க முடியாமல் செங்குத்தான இறக்கத்தில் தயங்கி நிற்பவர் அதை ஒரே வளைவில் இழப்பார்.

எதை மாற்றுவதானாலும் பழைய பாகத்தையும் புதியதையும் ஒரே தராசில், போல்ட்டும் வாஷரும் கேபிளும் சேர்த்து எடை போடுங்கள். நிறுவனங்கள் சொல்லும் எடையில் இவை பெரும்பாலும் சேர்த்தியில்லை. ஒரே மாடல் டயர் இரண்டு 50 கிராம் வேறுபடுவதும் சாதாரணம். முழு சைக்கிளைத் தொங்கவிடும் லக்கேஜ் தராசு 50 கிராம் முன்னே பின்னே காட்டும். போல்ட் மாற்றத்தை அதில் தேடுவது வீண். அளக்கும் முன் சேற்றைக் கழுவிவிடுங்கள். ஈரக் களிமண் பாதையிலிருந்து வந்த சைக்கிள் ஒரு கிலோ சேற்றைச் சுமந்திருக்கும். எதுவும் மாற்றாமலே நாலைந்து மாதத்தில் சக்கரம் நாற்பது ஐம்பது கிராம் குறைந்திருந்தால் மகிழ வேண்டாம்: சீலன்ட் காய்ந்துவிட்டது, ஊற்ற வேண்டும்.