மூளை ஆய்வைப் படித்தவர்கள் எத்தனை பேர்?

நரம்பணுக்களின் மின்துடிப்பைச் சமன்பாடுகளாக்கிக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் கணிப்பு நரம்பியல். கணவாயின் தடித்த நரம்பிழையை ஆராய்ந்து ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் எழுதிய சமன்பாடுகள் இத்துறையின் அடித்தளம். இன்று இப்படி ஓர் ஆய்வு வெளியானால், அதன் இணையப் பக்கத்தில் பல வண்ண வளையமும் நடுவில் ஓர் எண்ணும் பெரும்பாலும் தெரிகின்றன. பாலக்காட்டுச் சித்தூரில் இயற்பியல் படிக்கும் மாணவி ஒருத்தி 36 என்ற எண்ணைக் காட்டி, "இத்தனை பேர்தான் படித்தார்களா, சார்?" என்று கேட்டாள்.

அது ஆட்களின் எண்ணிக்கை அல்ல. ஆய்வு இணையத்தில் எவ்வளவு பேசப்படுகிறது என்று காட்ட ஆல்ட்மெட்ரிக் நிறுவனம் தரும் கவன மதிப்பெண். பெரும்பாலான ஆய்வுக் கட்டுரைகளுக்கு டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் உண்டு. அதைச் சுட்டும் இணைப்புகளை மென்பொருள் தான் கண்காணிக்கும் தளங்களில் தேடுகிறது. கிடைப்பவற்றுக்கு எடை போடுகிறது: செய்திக்கு அடிப்படை எடை 8, விக்கிப்பீடியாவுக்கு 3, ஃபேஸ்புக் பதிவுக்கு 0.25. நான்கு செய்திகள் 32, விக்கிப்பீடியா 3, நான்கு ஃபேஸ்புக் பதிவுகள் 1. கூட்டினால் 36. புகழ்ந்தாலும் கண்டித்தாலும் எடை ஒன்றுதான்.

வாசிப்பை அறிய வேறு கணக்குகள் உண்டு. மெண்டலி செயலியில் எத்தனை பேர் கட்டுரையைத் தம் சேமிப்பில் வைத்திருக்கிறார்கள் என்பது ஒன்று. இது 36-இல் சேராது; தனியாகவே காட்டப்படும். பதிவிறக்கம் இன்னொன்று. ஒரே ஆள் முப்பது நொடிக்குள் இருமுறை சொடுக்கினால் ஒன்றாகவே கொள்ள வேண்டும், தானியங்கி நிரல்களின் வருகையைக் கழிக்க வேண்டும் என்று இதற்கு விதிகள் இருக்கின்றன. ஆனாலும் இவை கேரள எல்லையிலுள்ள வாளையாற்றைக் கடக்கும் லாரிகளை எண்ணுவது போலத்தான். சரக்கு இறங்கியதா என்று தெரியாது.

இத்துறையில் நான் நம்புவது வேறு. யேல் பல்கலைக்கழகத்தில் உருவான மாடல்டிபி களஞ்சியத்தில் ஆய்வாளர்கள் தங்கள் நரம்பணு மாதிரிகளின் கணினி நிரலை வைக்கிறார்கள். அதை எடுத்து ஓட்டி, ஓர் அளவை மாற்றித் துடிப்பு எப்படி மாறுகிறது என்று பார்த்தவரே உண்மையான வாசகர். அந்த உழைப்பு எந்த வளையத்திலும் வண்ணமாக விழுவதில்லை.

தமிழ் வாசிப்பும் பெரும்பாலும் விழுவதில்லை. கொழிஞ்சாம்பாறை வகுப்பறையில் ஓர் ஆசிரியர் அந்த ஆய்வைத் தமிழில் ஒரு மணி நேரம் விளக்கினாலும் 36 அசையாது. அச்சுக் கட்டுரை எழுதினாலும் அப்படியே. எனவே இணையத்தில் தமிழில் அறிவியல் எழுதுகிறவர்கள் "அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தனர்" என்று நிறுத்திவிடாமல், டிஓஐ இணைப்பையும் சேர்க்க வேண்டும். வாசகர் மூல ஆய்வுக்குப் போகவும் அதுவே வழி.